ஈரத்தின் அளவு

அமெரிக்காவில், மின்னஸோட்டாவில் இருக்கும் என் அக்கா மகன் ஒரு மலைப்பாம்பு வளர்க்கிறான். அவனுக்குப் பதினாறு வயது, பாம்புக்கு மூன்று. துணிமணி போட்டு வைக்கிற, மூடி போட்ட ப்ளாஸ்டிக் டப்பா ஒன்றில் அது இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்குப் பால் பைதான் என்று பெயர். பயந்தால் தலையை உள்ளே வைத்துக்கொண்டு பந்துபோல் சுருண்டுவிடும் என்பதால் அப்படி. தமிழ்க் காதில் அந்தப் 'பால்' வேறு விதமாக விழுகிறது. அக்கா முதல்முதலில் டெலிபோனில் சொன்னபோது அம்மா, "அதுக்கு தினம் பால் ஊத்தறானா?" என்று கேட்டாள். எலி என்று அக்கா சொல்லவில்லை.

சென்ற ஜனவரியில் ஒரு நாள் அவன் என்னைக் கூப்பிட்டான். பாம்பு சட்டை உரித்திருக்கிறது. முழுதாக, காலுறையைக் கழற்றினாற்போல் வரவேண்டிய தோல் துண்டு துண்டாக வந்திருக்கிறது. இடது கண்ணின்மேல் பழைய தோல் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணாடி மாதிரி ஒரு செதில் கண்ணை மூடியிருக்கும், சட்டையோடு அதுவும் உரிந்து வரவேண்டும். வரவில்லை. அம்மாவிடம் சொன்னால் பாம்பையே வெளியே அனுப்பச் சொல்லிவிடுவாள் என்று பயந்து என்னிடம் சொன்னான். "மாமா, நான் எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். அறுபதுலதான் வெச்சிருந்தேன்."

இந்தக் கட்டுரை 'எல்லாம் சரியாகத்தான் செய்தேன்' என்ற அந்த வாக்கியத்தைப் பற்றியது. வேறொரு சந்தர்ப்பத்தில் நானும் அதைச் சொல்லியிருக்கிறேன். பாங்க்கில் வேலை பார்க்கிறவனுக்கு இயல்பாக வாயில் வருகிற வாக்கியம் அது. சாயங்காலம் கணக்கு நேர் ஆகிவிட்டால் மனசாட்சியும் அத்துடன் நேர் ஆகிவிட்டதாகத் தோன்றும்.

1

அறுபது என்றது காற்றின் ஈரப்பதம், நூற்றுக்கு அறுபது. இந்தப் பாம்பின் ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் போன்ற நாடுகள். பகலில் எலி வளையிலோ கரையான் புற்றிலோ கிடக்கும், இரவில் வெளியே வரும். மேலே புல்வெளி காய்ந்து கிடந்தாலும் பூமிக்கு உள்ளே ஈரம் இருக்கும். அந்த வளையைத்தான் ப்ளாஸ்டிக் டப்பா போலி செய்கிறது. கண்ணாடித் தொட்டிக்குக் கம்பிவலை மூடி போட்டால் ஈரம் ஒரு மணி நேரத்தில் மேலே போய்விடும். டப்பாவில் பக்கவாட்டில் சில துளைகள் மட்டும் போட்டால் ஈரம் நிற்கும். அதனால்தான் வளர்ப்பவர்களில் பலர் கண்ணாடியை விட்டு டப்பாவுக்கு வந்தார்கள்.

வேலை எளிதுபோல் தெரிகிறது, எளிதல்ல. மின்னஸோட்டாவில் ஜனவரிக் காற்று உறைநிலைக்கு வெகு கீழே இருக்கும். அந்தக் காற்றை வீட்டுக்குள் இழுத்துச் சூடாக்கினால் அதில் உள்ள நீர் அதேதான். ஆனால் சூடான காற்று தாங்கக்கூடிய நீர் அதிகம் என்பதால் சதவீதம் விழுந்துவிடுகிறது. இருபதுக்குக் கீழேகூடப் போகும். டப்பாவின் ஒரு முனையில் அடியில் சூட்டுப்பாய், அதைக் கட்டுப்படுத்தத் தெர்மாஸ்டாட். இது இல்லாவிட்டால் பாய் பாம்பைச் சுட்டுவிடும். அந்த முனையில் 31, 32 டிகிரி, மறுமுனையில் 25, 26. ஆக ஒரே டப்பாவுக்குள் இரண்டு சூடு, அதனால் இரண்டு ஈரப்பதம். கீழே பரப்ப மரச்சீவலைவிடத் தேங்காய் நார்க்கழிவு நல்லது என்கிறார்கள். ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், சீக்கிரம் பூஞ்சை பிடிக்காது. பொள்ளாச்சிப் பக்கத்திலும் இலங்கையிலும் தென்னை மட்டையிலிருந்து நார் எடுத்தபின் மலையாகக் குவிந்து கிடக்கிற அதே தூள்தான், செங்கல்லாக அழுத்திக் கப்பலேறி, அங்கே பாம்புக்குப் படுக்கை ஆகிறது.

தண்ணீரை மேலே தெளிக்கக்கூடாது என்றும் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். தெளித்தால் மேல்பரப்பு நனைந்து, பாம்பின் அடிவயிறு எந்நேரமும் ஈரத்தில் கிடந்து கொப்புளம் வரும், செதில் அழுகும். காற்றோட்டமும் இல்லை என்றால் நுரையீரலில் சளி கட்டும். மூலைகளில் மெதுவாக ஊற்றவேண்டும். அடி அடுக்கு ஈரமாகவும் மேல் அடுக்கு காய்ந்தும் இருக்கவேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தைப் பெரிதாக்கினால் ஈரம் ஏறும், சூட்டுப் பக்கம் நகர்த்தினால் இன்னும் ஏறும். அதிகம் போனால் ஒரு நோய், குறைந்துபோனால் இன்னொரு நோய். பதினாறு வயதுப் பையன் இதையெல்லாம் ஒரு தினக்குறிப்பில் எழுதி வைக்கிறான். அவனுடைய பொறுப்பைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. இருந்தும் தோல் துண்டாக வந்தது.

காரணம் இரண்டு நாளில் தெரிந்தது. அவன் வைத்திருந்தது முள் ஓடுகிற மலிவான ஈரமானி. அதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. சமையல் உப்பில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களிபோல் ஆக்கி, அதையும் ஈரமானியையும் ஒரு பையில் காற்றுப் புகாமல் கட்டி ஓர் இரவு வைக்கவேண்டும். உப்பு நம்மை ஏமாற்றாது. பைக்குள் ஈரப்பதம் 75-இல் வந்து நிற்கும். அவனுடைய கருவி 88 காட்டியது. அவன் அறுபது என்று நம்பி எழுதி வந்த நாட்களில் உண்மை நாற்பத்தைந்தை ஒட்டி இருந்திருக்கலாம்.

கருவி கெட்டது, மாற்றினால் தீர்ந்தது என்று இதை முடித்துவிட முடியும். அவன் அப்படித்தான் முடித்தான். ஒட்டிய கண் தோலைப் பிய்க்கக்கூடாது என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒரு சின்ன டப்பியில் ஈரப் பாசி அடைத்து, நுழைய ஓட்டை போட்டு உள்ளே வைத்தான். அடுத்த முறை உரிக்கும்போது அதுவும் சேர்ந்து வந்துவிட்டது. ஆனால் பேச்சோடு பேச்சாக அவன் சொன்ன ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. சட்டை உரிப்பதற்கு முந்தைய இரண்டு வாரமும் பாம்பு தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ளேயே சுருண்டு கிடந்திருக்கிறது. வேடிக்கையாக இருந்ததால் போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பியிருக்கிறான். எனக்கும் ஒன்று வந்திருந்தது. நானும் சிரித்த முகம் ஒன்றைப் பதிலாகப் போட்டிருந்தேன்.

2

பெந்தம் 1789-இல் வெளியான தன் நூலில், மிருகங்களைப் பற்றிய கேள்வியை அவற்றுக்குப் பகுத்தறிவு உண்டா என்பதிலிருந்து அவை துன்பப்படுமா என்பதற்கு மாற்றினார். அது பெரிய மாற்றம்தான். ஆனால் துன்பம் என்பது நமக்கு எங்கே தெரிகிறது? முகத்தில், குரலில். நாய் முனகும், பசு கண்ணீர் விடும் என்கிறோம். பாம்புக்கு முகம் என்று நாம் சொல்லக்கூடியது இல்லை. இமை இல்லை, புருவம் இல்லை, சீறலைத் தவிர குரல் இல்லை. சுகமாக இருக்கிற பாம்பும் செத்துக்கொண்டிருக்கிற பாம்பும் வெகுநேரம் ஒரே மாதிரிதான் காட்சி தரும். இரக்கத்துக்கு நாம் பழகியிருக்கிற வழிகள் எல்லாம் இங்கே அடைபட்டுப் போகின்றன.

தாமஸ் நேகல் 1974-இல் வௌவாலை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். வௌவாலாக இருப்பது எப்படி இருக்கும் என்பதை, வௌவாலைப் பற்றிய எந்தப் புறத்தகவலும் நமக்குத் தந்துவிடாது என்பது அவர் வாதம். கல்லூரியில் படித்ததை ஒப்பிக்கிறேன் என்று நண்பர்கள் சொல்லக்கூடும். இருக்கட்டும். அந்த வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் வளர்ப்பவனுக்கு அது ஒரு சாக்காகவும் ஆகிவிடும் என்பதைக் கவனிக்கவேண்டும். உள்ளே என்ன நடக்கிறது என்று அறியமுடியாது, ஆகவே வெளியே அளந்து திருப்தி அடைவோம் என்ற முடிவுக்கு வருவது சுலபம். வெப்பம் சரி, ஈரம் சரி, எடை சரி. சரிகளின் கூட்டுத்தொகையே நலம்.

இந்த முடிவில் இரண்டு குறைகள். முதலாவது, அளவே மாறுகிறது. இந்தப் பாம்புக்கு ஐம்பது, அறுபது போதும் என்று வெகு காலம் எழுதினார்கள். இப்போது எழுபது, எண்பது வரை வேண்டும் என்று பலர் எழுதுகிறார்கள். ஐம்பதில் சரியாக வைத்திருந்தவன் தவறு செய்யவில்லை, அன்றைய சரியைச் செய்தான். அவன் டப்பாவில் கிடந்த பாம்புக்கு இந்த நியாயம் எந்த வகையில் உதவும்? இரண்டாவது குறை இன்னும் அடிப்படையானது. அளவு ஒன்றை நாம் நிர்ணயித்துவிட்ட பிறகு, பாம்பைப் பார்ப்பதை விட்டு அளவைப் பார்க்கத் தொடங்குகிறோம். தண்ணீரில் சுருண்டு கிடந்த பாம்பு தன்னால் முடிந்த ஒரே மொழியில் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. காய்ந்து போகிறேன் என்றோ, சூடு தாங்கவில்லை என்றோ, உண்ணி கடிக்கிறது என்றோ அதற்கு அர்த்தம் இருக்கலாம். அனுபவஸ்தர்கள் இந்த மூன்றையும்தான் முதலில் பார்க்கச் சொல்கிறார்கள். ஆனால் சுவரில் முள் அறுபதில் நின்றது. முள்ளை நம்பினோம்.

நேகலுக்கு ஒரு சிறு பதில் இங்கே கிடைப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பாம்பாக இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியவேண்டியதில்லை. ஈரமான இடம் ஒன்றும் காய்ந்த இடம் ஒன்றும், சூடான முனை ஒன்றும் குளிர்ந்த முனை ஒன்றும் வைத்துவிட்டு, அது எங்கே போகிறது என்று பார்த்தால் போதும். அறிவதற்கு வழியில்லாததை ஏற்பாட்டால் ஓரளவு ஈடுகட்டலாம். பாம்பு படுத்திருக்கும் இடமே அதன் வாக்கியம். ஆனால் ஒரு இடம் மட்டும் கொடுத்துவிட்டால் அது வாக்கியம் ஆகாது. வேறு இடத்துக்குப் போகமுடியாதவன் இங்கே இருக்கிறான் என்பதில் என்ன செய்தி இருக்கிறது? ஒரே சீராக, மிகச் சரியாக, டப்பா முழுவதும் அறுபது வைத்திருக்கிற ஒருவன் தன் பாம்பின் வாயை அடைத்துவிட்டான் என்றுதான் சொல்லவேண்டும். அளவு சரியாக இருந்தாலும்.

தமிழில் ஈரம் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஈரமுள்ள மனுஷன் என்கிறோம். அந்த இரண்டாவது ஈரத்துக்கு அளவு கிடையாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், ஆனால் அதையும் நாம் அளந்துதான் ஊற்றுகிறோம். அம்மா கேட்ட கேள்விக்கே திரும்பி வருகிறேன். நம் ஊரில் புற்றில் பால் ஊற்றுகிறோம். பாம்பு பால் குடிக்கிற பிராணி அல்ல. தாகத்தில் காயப்போட்டுக் காட்டினால் குடிக்கும், குடித்தால் அதற்குத் தீங்கு. ஆண்டாண்டு காலமாக நடக்கிற ஒரு பெரிய கருணைச் செயல், வாங்கிக்கொள்கிற ஜீவனை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் நடந்திருக்கிறது. புற்றில் பால் ஊற்றுகிறவளும் முள்ளைப் பார்த்து எழுதுகிறவனும் எனக்கு இப்போது வெகு தூரத்தில் இருப்பவர்களாகத் தோன்றவில்லை.

3

டப்பாவை ஆதரிப்பவர்களுக்கும் வாதம் உண்டு. அதை நேர்மையாகச் சொல்லவேண்டும். இந்தப் பாம்பு வளைக்குள் வாழ்வது. பெரிய வெளிச்சமான இடத்தில் மறைவின்றிப் போட்டால் மிரண்டு மாதக்கணக்கில் இரை எடுக்காமல் இருந்துவிடும். குறுகிய இருட்டு அதற்குப் பாதுகாப்பு. உண்மை. பெரும் வளர்ப்பாளர்கள் அலமாரி இழுப்பறைகள் மாதிரி டப்பாக்களை அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பாம்பு, ஒரு கிண்ணம், ஒரு தாள் என்று நூற்றுக்கணக்கில் வைப்பதும் இந்த நியாயத்தின் பேரில்தான். இரை எடுக்கிறது, சட்டை உரிக்கிறது, முட்டை இடுகிறது. இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும் என்று கேட்கிறார்கள்.

2021-இல் ஜெர்மனியில் ஆராய்ச்சியாளர்கள் இதே ஜாதிப் பாம்புகளை இழுப்பறைகளிலும், ஏறவும் புதையவும் வசதியுள்ள கூண்டுகளிலும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கூண்டில் பாம்புகள் ஏறின, சூட்டில் காய்ந்தன, மண்ணைக் குடைந்தன. இழுப்பறையில் இவற்றைச் செய்ய வழியே இல்லை. அசையாத பாம்புக்கு அசைய விருப்பமில்லை என்று அதுவரை எடுத்துக்கொண்டிருந்தது, அசைய இடமில்லை என்பதுதான். வளைக்குள் இருக்கும் பாம்பு ஒன்றை மறந்துவிட்டோம்: வளைக்கு வாசல் உண்டு.

முட்டை இடுவதே நலத்தின் சாட்சி என்பதற்கு வேறொரு பதில். அமெரிக்காவின் ஸெயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலைக்கு 1961-இல் ஒருவர் கொடுத்த பால் பைதான் ஒன்று 2020-இல் முட்டை இட்டது. வயது அறுபதுக்கு மேல் என்று கணித்தார்கள். பதினைந்து வருஷத்துக்கு மேல் அது ஆண் பாம்பின் பக்கத்தில் இருந்ததில்லை. அந்தச் சாலையைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அத்தனை வருஷம் உயிரோடு வைத்திருப்பது சாதாரணக் காரியம் அல்ல. உடம்பு தன் காரியங்களை யாரையும் கேட்காமல், எந்த நிலையிலும் செய்துகொண்டு போகும் என்பதற்காகச் சொல்கிறேன். முட்டையை ஒப்புதல் கையெழுத்தாக எடுத்துக்கொள்ள முடியாது.

இதை எழுதும்போது சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் பாம்புகளை வைத்திருக்கும் விதம் நினைவுக்கு வருகிறது. தோல் வியாபாரம் நின்றபின் பிழைப்பு இழந்த இருளர்களுக்காக 1978-இல் தொடங்கிய சங்கம். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வந்து, விஷமுறிவு மருந்துக்காக விஷம் எடுக்கிறார்கள். பாம்பு இருப்பது மண்பானையில். வாயைத் துணியால் கட்டியிருப்பார்கள். பானையின் உடம்பு முழுவதும் நுண்துளை. உள்ளே குளிர்ச்சி நிற்கும், காற்றும் போகும். அறுபதா எழுபதா என்று அங்கே முள் இல்லை. ஆனால் என்னைப் பாதித்தது பானை அல்ல, தவணை. சுமார் மூன்று வாரம், நான்கு முறை விஷம். பிறகு அடிவயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அதே பாம்பு உடனே திரும்பவும் பிடிபட்டால் அடையாளத்தைப் பார்த்து விட்டுவிடலாம். அங்கே அன்பு என்ற பேச்சே இல்லை. பாம்பிடமிருந்து ஒன்று வேண்டும், எடுத்துக்கொள்கிறார்கள், அதற்கு ஒரு முடிவுத் தேதி வைத்திருக்கிறார்கள். வளர்க்கிறவன் எதையும் எடுப்பதில்லை, ஆனால் தேதியும் வைப்பதில்லை.

விட்டுவிடுவதுதான் தர்மம் என்று சொல்லவும் முடியாது. அமெரிக்காவில் வளர்த்து அலுத்து விட்டதும் தப்பியதுமான பர்மிய மலைப்பாம்புகள் ஃப்ளாரிடாவின் எவர்க்ளேட்ஸ் சதுப்பில் பெருகி அங்குள்ள பிராணிகளைத் தீர்த்துக்கட்டிக்கொண்டிருக்கின்றன. 2012-இல் அவற்றின் இறக்குமதியைத் தடை செய்தார்கள். 2017-இல் அவற்றைத் தேடிப் பிடிக்க இங்கிருந்து இரண்டு இருளர்களை அழைத்துப் போனார்கள். நம் நாட்டில் காட்டுப் பாம்பை வீட்டில் வைப்பதை 1972 சட்டம் தடுக்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பாம்பு வைத்திருப்பவர்களும் பதிவு செய்யவேண்டும். ஆனால் மின்னஸோட்டா டப்பாவில் கிடக்கும் அந்த ஒரு பாம்புக்கு எந்தச் சட்டமும் கானாவைத் திருப்பித் தரப்போவதில்லை. சரியாக வைத்தால் இன்னும் இருபது முப்பது வருஷம் இருக்கும். போக இடமில்லாத ஒரு ஜீவன், பேசாத ஜீவன், என் பொறுப்பில் இருக்கிறது; நான் அதற்கு என்ன கடன்பட்டிருக்கிறேன்? கேள்வி இவ்வளவுதான்.

4

என் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து பதினான்கு மாதம் படுக்கையில் இருந்தார். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நான் ஒரு பழைய லெட்ஜரில் கோடு போட்டு எழுதி வந்தேன். இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கவேண்டும். மூக்குக் குழாய் வழியாக ஒவ்வொரு தடவையும் 200 மில்லி கஞ்சி. எத்தனை வெளியே போயிற்று என்ற கணக்கு. காற்று மெத்தை வாங்கினோம். அதன் மோட்டாருக்கு ப்ளக் வேண்டும் என்பதால் கட்டிலை உள்சுவரை ஒட்டிப் போட்டோம். பதினான்கு மாதத்தில் ஒரு படுக்கைப் புண் வரவில்லை. பார்க்க வந்த டாக்டர் என்னைப் பாராட்டினார். எல்லாம் சரியாகச் செய்தேன்.

அப்பாவிடம் ஒரு பழக்கம் வந்திருந்தது. நல்லாயிருந்த இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்துத் தன்னை இழுத்துக்கொள்வார். எப்போதும் இடது பக்கம். நேராகப் படுக்கவைத்து அரை மணியில் பார்த்தால் தலை கம்பியில் முட்டிக்கொண்டிருக்கும். அதற்கு நாங்கள் இரண்டு தலையணை அண்டைக் கொடுத்தோம். லெட்ஜரில் என் கையெழுத்திலேயே பல தேதிகளில் இருக்கிறது: 'இடப்பக்கம் சரிகிறார். தலையணை வைக்கவும்.' நடுவில் அக்காவும் பையனும் வந்து பத்து நாள் இருந்தார்கள். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. "தாத்தாவுக்கு ஜன்னல் பக்கம்தானே புடிக்கும்? ஏன் மாமா இங்க போட்டிருக்கீங்க?" என்று கேட்டான். ப்ளக் இங்கேதான் இருக்கிறது என்றேன். ஜன்னல் அவருக்கு இடது பக்கம், எட்டடி தள்ளி. முப்பது வருஷம் அதன் கீழே நாற்காலி போட்டுப் பேப்பர் படித்தவர்.

அவர் ஜன்னலுக்குத்தான் இழுத்தார் என்று நான் சொல்லவரவில்லை. இடது கைதான் வேலை செய்தது. வேலை செய்கிற கை தன் பக்கம்தான் இழுக்கும், அதில் விருப்பம் எதுவும் இருந்திருக்கவேண்டியதில்லை. டாக்டரைக் கேட்டால் அப்படித்தான் சொல்லுவார், அது சரியாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது என்பது இங்கே என் குற்றம் அல்ல. எட்டு அடி நீளத்துக்கு ஓர் எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கிக் கட்டிலை ஒரு நாள் ஜன்னல் பக்கம் நகர்த்தியிருந்தால், அவர் இழுப்பதை நிறுத்துகிறாரா என்று பார்த்திருக்கலாம். நிறுத்தியிருந்தால் ஒரு வாக்கியம் கேட்டிருக்கும். நிறுத்தாமல் இருந்தாலும் அது ஒரு பதில்தான். நான் கேட்கவே இல்லை. தலையணை வைத்தேன், தேதி போட்டு எழுதினேன்.

லெட்ஜரை நான் குறைத்துப் பேசவில்லை. இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பாமல் இருந்திருந்தால் அப்பா புண்ணில் அழுகியிருப்பார். ஈரம் கவனிக்காமல் விட்டால் பாம்பு கண் தெரியாமல் கிடக்கும். அளவைக் கேலி செய்துவிட்டு அன்பை உயர்த்திப் பேசுவது நம் எழுத்தாளர்களுக்கு எளிதான காரியம். அவர்களில் பெரும்பாலோர் யாருக்கும் இரவு இரண்டு மணிக்கு எழுந்து திருப்பிப் போட்டவர்கள் அல்ல. அளவு வேண்டும். அது தரை. அதில் நின்றுகொண்டு, இனி நான் பார்க்கவேண்டியதில்லை என்று சொல்வதுதான் தவறு. கணக்கு நேர் ஆனபிறகும் எதிரே ஒரு ஜீவன் மிச்சம் இருக்கிறது. அது ஏதோ ஒரு பக்கமாக நகர்கிறது. அந்த நகர்வுக்கு லெட்ஜரில் பத்தி கிடையாது. நான் அதை ஒரு கோளாறாகப் பதிவு செய்தேன்.

கொடுக்கிறவன் கையில் இருக்கும் அதிகாரம் சாதாரணமானது அல்ல. வெப்பம், ஈரம், இரை, வெளிச்சம் எல்லாம் அவன் தீர்மானம். பேசாத ஜீவனிடம் அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி இரண்டு முனைகள் வைப்பது. இரண்டையும் நான்தான் வைக்கிறேன், ஆகவே அது சுதந்திரம் அல்ல என்பது எனக்குத் தெரியும். டப்பா டப்பாதான். ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற ஒன்றரை முழம், பாம்பினுடையது.

சென்ற மாதம் பையன் பேசினான். பெரிய பெட்டி செய்திருக்கிறான், நாலடி நீளம். சூட்டுப் பக்கம் ஒரு மறைவிடம், குளிர்ந்த பக்கம் ஒன்று, நடுவில் ஈரப் பாசி டப்பி, ஏறுவதற்கு ஒரு கிளை. மூன்று நாளாகப் பாம்பு இவை எதிலும் இல்லை. தண்ணீர்க் கிண்ணத்துக்கும் சுவருக்கும் நடுவே ஓர் இடுக்கு இருக்கிறதாம், அதில் போய்க் கிடக்கிறது. இவ்வளவு செலவு செய்து கட்டியதில் அந்த இடுக்குக்கு அவன் எந்த ஏற்பாடும் செய்திருக்கவில்லை. "அதுக்கு என்ன அர்த்தம் மாமா?" என்று கேட்டான்.

தெரியாது என்றேன். எங்கே இருக்கிறது என்று தினமும் எழுதி வை, ஏன் என்ற பத்தியைக் கொஞ்ச நாளைக்குக் காலியாக விட்டு வை என்றேன்.